ஆளை எண்ணுகிறீர்கள், தூரத்தை யார் எண்ணுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் கிழக்கு மாகாணத்து நிலமும் மக்களும் பற்றிக் கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆறு, குளங்களின் பெயரெல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் சனத்தொகை அடர்த்தி குறைந்த தாழ்நில மாகாணம் என்று தொடங்கியவர், அடுத்த பந்தியிலேயே உட்பகுதி பெரும்பாலும் ஆளில்லாத வெற்று நிலம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த வரைபடத்திலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஓர் ஊர்ப் பெயர்கூட இல்லை. பச்சை மை மட்டும். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி அந்தப் பச்சைக்குள்தான் போனது. ஆகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். பழைய ஆட்கள் மருத்துவிச்சி என்பார்கள், மற்றவர்களுக்கு மிஸ்ஸி. வாகரை, கிரான், வெல்லாவெளிப் பக்கங்களில் வேலை செய்துவிட்டுக் கடைசியில் கரையோரத்துக்கு மாற்றமாகி வந்து ஓய்வு பெற்றேன். புவியியல் படித்தவளல்ல. வீட்டுக்கு வீடு போய் யார் புதிதாகக் கல்யாணம் முடித்தது, யார் முழுகாமல் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பிந்திவிட்டது என்று எழுதிவைத்ததுதான் என் படிப்பு.

சரி, முதலில் கணக்கு. கிழக்கு மாகாணம் கிட்டத்தட்ட 10,000 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் அதில் இருந்தவர்கள் பதினைந்தரை இலட்சம் பேர். நாடு முழுவதற்கும் சதுர கிலோமீற்றருக்கு 325 பேர் என்றால், மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 200 பேர், அம்பாறைக்கு 150 சொச்சம். இதுவரை கட்டுரையாளரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் இந்த 200 பேர் என்ற கணக்கில் அமைந்த ஊர் ஒன்றை எங்கள் மாவட்டத்தில் நான் கண்டதில்லை. காத்தான்குடியில் அப்போது 7 சதுர கிலோமீற்றருக்குள் 40,000 பேர் இருந்தார்கள். வாகரைப் பிரதேச செயலாளர் பிரிவிலோ 500 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நிலத்தில் அதில் பாதிச் சனம்தான், 20,000 சொச்சம். இரண்டையும் கூட்டி வகுத்து வருகிற இலக்கத்தை வைத்து எதைத்தான் சொல்ல முடியும்?

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை பஸ்ஸில் தெற்கே போனால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு என்று ஊர்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்கும் இடம் தெரியாது. கோபுரம் போய் மினாரா வந்தால் ஊர் மாறிவிட்டது என்று விளங்கிக்கொள்ளலாம். கிழக்கே கடல், மேற்கே 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி. கல்லாற்றடியில் பஸ் யன்னலின் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் தெரியும். நடுவில் மிஞ்சியிருக்கிற மணலில்தான் தெருவும் வீடும் தென்னையும் மடுவமும் எல்லாமே.

சனம் இந்த மணலில் வந்து நெருங்கியதற்குக் காரணம் இருக்கிறது. மணலைக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர். இரண்டு பக்கமும் மீன். வயல் வாவிக்கு அப்பால், போய்ச் செய்துவிட்டு வரலாம். இதற்கெல்லாம் மேலாக இன்னொன்று உண்டு, அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தமிழரும் அப்படித்தான், முஸ்லிம்களும் அப்படித்தான். குடி என்கிற குலமும் தாய்வழியாகத்தான் வரும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் மூத்தவளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்குள் ஒதுங்குவார்கள். இளையவளுக்கு அதே வளவின் மற்ற மூலையில் அத்திவாரம் வெட்டுவார்கள். இப்படியே ஒரு வளவு மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, வேலிக்கு மேலே எட்டிக் கறி வாங்குகிற அளவுக்கு வந்து நிற்கிறது.

மருத்துவிச்சிக்கு இது பெரிய வசதி. தகுதிவாய்ந்த தம்பதியர் பதிவேடு என்று ஒன்று எங்களிடம் இருக்கும். பிள்ளை பெறும் வயதிலுள்ள தம்பதியர் எல்லாருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். கரையோரத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணமானால் அவளைத் தேடி அலையத் தேவையில்லை, பிறந்த வளவிலேயே இருப்பாள். மாப்பிள்ளையின் பெயரை மட்டும் புதிதாக எழுதினால் சரி. வெயில் ஏறுவதற்குள் ஓர் ஒழுங்கை முழுவதையும் பார்த்து முடித்துவிடலாம். ஒரு வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் வெற்றிலை.

பட்டினப் பக்கத்துப் பறங்கியர் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது, நல்லது. ஒல்லாந்தர் 1638இல் கோட்டையைப் பிடித்துப் போர்த்துக்கேயரை வெளியேற்றியும், அந்த வழிவந்த குடும்பங்கள் மட்டக்களப்பில் தங்கிவிட்டன. தச்சுவேலையிலும் இரும்புவேலையிலும் பெயர் போனவர்கள். அவர்களுடைய பழைய ஆட்கள் வீட்டுக்குள் தங்கள் போர்த்துக்கேயக் கிரியோலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, என்னைக் கண்டதும் சுத்தமான மட்டக்களப்புத் தமிழுக்கு மாறுவார்கள். 2004 கடற்கோள் அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இனி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, மகிழடித்தீவு, அம்பிளாந்துறை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர். நெல் விளைவது அங்கே. பெரிய ஆஸ்பத்திரியும் வங்கியும் சந்தையும் இங்கே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்றால் தெருவல்ல, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஏற்றிப்போகிற மிதவை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவிலும் அதுதான். பாதை அக்கரையில் நின்றால் வரும்வரைக்கும் இறங்குதுறையில் காத்திருக்க வேண்டியதுதான். இரவில் வலி கண்டால் வெல்லாவெளியால் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்துக்கு வர வேண்டும். நேரே பார்த்தால் களுவாஞ்சிகுடிப் பக்கத்து வெளிச்சம் தெரியும்; கடக்க முடியாது. வலியோடு வந்த ஒரு பெண் அந்த வெளிச்சத்தைக் காட்டி, "மிஸ்ஸி, இந்தா கிடக்கு, ஏன் கா அங்கால சுத்துறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிள்ளை பழுதில்லாமல் பிறந்தது.

படுவான்கரையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு தேடுவது வேறு வேலை. பெரும்போகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, விதைப்புத் தொடங்கினால் குடும்பம் குடும்பமாக வயலில் போட்ட குடிலுக்கு, வயல்வாடிக்கு, போய்விடுவார்கள். காவல் இருக்க வேண்டும். பகலில் குருவி, இரவில் பன்றியும் யானையும். வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும், முற்றத்தில் கோழி மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் ஒருவர் வந்து எண்ணினால் ஊரில் ஆளில்லை என்றுதான் எழுதுவார். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போனால் வாடிக்கு வாடி ஆள். வயல் காரியங்களைப் பார்க்கிற வட்டவிதானையாரிடம் கேட்டால் எந்த வாடியில் யார், எத்தனை பிள்ளை என்று பதிவேட்டைவிடச் சரியாகச் சொல்வார்.

கிளினிக் என்று கட்டடம் இல்லாத இடங்களில் மரத்தடிதான். தராசைக் கொழுவுவதற்கு நல்ல கொப்புள்ள மரம் ஒன்று வேண்டும். திக்கோடைப் பக்கத்தில் எனக்கு ஒரு விளாத்தி இருந்தது. கொப்பில் தராசைக் கட்டி, அதன் கொக்கியில் காற்சட்டை மாதிரித் தைத்த துணிப்பையைக் கொழுவி, பிள்ளையின் காலை அதற்குள் விட்டுத் தொங்கவிட்டால் பிள்ளை கத்தும், முள் ஆடும். ஆடி நிற்பதற்குள் நிறையை வாசிக்க வேண்டும். தாய்க்கு ஒரு பார்வை முள்ளில், ஒரு பார்வை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அட்டையில். பிறகு திரிபோஷா என்கிற சத்துமாப் பக்கெட். கையில் தடுப்பூசிப் பெட்டி வேறு. உள்ளே 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் குளிர் நிற்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதத்தில் வெளியே முகம் வெந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெட்டிக்குள் ஐஸைக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று, பக்கத்துத் தெருவிலேயே குளிர்சாதனப் பெட்டி இருக்கிற கிளினிக்கில் வேலை செய்வோருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. யானை இறங்குகிற நேரத்துக்கு முதல் பெரிய வீதிக்கு ஏறிவிடவும் வேண்டும்.

கிரான் பக்கம் இன்னொரு விதம். மாவட்டத்திலேயே பரப்பால் பெரிய பிரிவுகளில் அது ஒன்று, சனம் குறைவு. குடும்பிமலையை விட்டால் கண்ணுக்கு உயரமாக ஒன்றும் தெரியாத சமதரை. அதனால்தான் மாரியில் முந்தனையாறு பெருகினால் தண்ணீர் போக வழியில்லாமல் பரந்து நிற்கிறது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதி முழுகிவிடும், படகு விடுவார்கள். அந்தப் படகில் அரிசி மூட்டை, பள்ளிக்கூட ஆசிரியர்கள், கோழிக்கூடு, என் ஊசிப்பெட்டி எல்லாம் ஒன்றாகப் போகும். படகோட்டி மழை இருட்டைப் பார்த்து "மிஸ்ஸி, இண்டைக்குப் போகேலா, மறுகா பாப்பம்" என்றால் அன்றைய ஊசி அவ்வளவுதான். கடவுளே என்று பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அந்த மேற்கில்தான் மயிலத்தமடுவும் மாதவனையும் இருக்கின்றன. கட்டுரையாளர் வெற்று நிலம் என்று சொன்னது பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன். கரைப்பக்கத்து வயல்களில் பெரும்போகம் செய்யும்போது மாட்டை அங்கே வைத்திருக்க முடியாது, பயிரை மேய்ந்துவிடும். ஆகவே மாட்டுப் பட்டிகளை மேற்கே சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்து வெட்டை விழுந்தபிறகு மாடு திரும்ப வயலுக்கு வரும், தாள் மேயும், சாணத்தைப் போடும். நெல்லும் மாடும் இப்படி மாறி மாறி இடத்தை விட்டுக்கொடுப்பதால்தான் எங்கள் மாவட்டத்தில் சோறும் தயிரும் இரண்டும் இருக்கின்றன. மாடு இல்லாத மாதத்தில் மேய்ச்சல்தரையைப் பார்த்தால் புல்லும் பற்றையும் தவிர ஒன்றும் தெரியாது. அதற்காக அது சும்மா கிடக்கிற காணியா? வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர் செய்யக் காணி பிடித்ததை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் பந்தல் போட்டு இருந்தது உங்கள் பத்திரிகையிலேயே படத்தோடு வந்தது. அதே பத்திரிகையில் வெற்று நிலம் என்றும் வருகிறது. கட்டுரையாளர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் காணி பிடிக்க வருகிறவர் முதலில் சொல்கிற வசனம் அதுதான்.

வாகரையைப் பற்றி எழுதாமல் விட மனமில்லை. காயங்கேணியிலிருந்து வெருகலாறு வரை ஒரு பக்கம் கடல், உள்ளே களப்பும் காடும் சின்னக் குளங்களும். மகாவலியின் கிளை ஒன்றுதான் வெருகலில் கடலோடு சேர்கிறது; அந்த ஆறுதான் திருகோணமலை மாவட்டத்துக்கும் எங்களுக்கும் எல்லை. திருகோணமலை வீதியால் போகிறவர்கள் மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று வீதியோர ஊர்களை மட்டும் கண்டுவிட்டுப் போவார்கள். வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கிரிமிச்சை, குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம், தோணிதாண்டமடு, கட்டுமுறிவு.

குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. வேடர் என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தம்பானையையும் தோளில் கோடரி வைத்த பெரியவரின் படத்தையும் நினைப்பார்கள். கரையோர வேடர் பேசுவது தமிழ், பெயரும் தமிழ்ப் பெயர். மீன் பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், சேனையில் சோளனும் கச்சானும் போடுவார்கள், கூலிக்குப் போவார்கள். செலிக்மான் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட ஆய்விலேயே இந்தக் கரையோர வேடருக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை! என் பதிவேட்டில் இனம் என்ற நிரலில் தமிழர் என்றுதான் எழுதுவேன். வேறு பெட்டி இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தங்கள் முன்னோருக்குச் சடங்கு வைக்கிற நேரத்தில் கிளினிக் வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு திகதி குறித்தால் எல்லாரும் வருவார்கள். தேன் எடுக்கும் காலத்தில் ஆம்பிளைகள் காட்டுக்குள். கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சம்மதம் கேட்க வேண்டுமென்றால் மாமியாரிடம்தான் பேச வேண்டும். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. போய்ப் போய்ப் பழகித்தான் தெரியும். ஆகவேதான் அங்கே போகிற உத்தியோகத்தரை ஆறு மாதத்தில் மாற்றாதீர்கள் என்று நாங்கள் கத்துவது.

2004இல் கடல் வந்தபோது அந்தப் பக்கத்துத் தாய்மாரின் பதிவேடும் நனைந்து பாழாகிவிட்டது. முகாமில் பாயில் இருந்துகொண்டு திரும்ப எழுதினோம். ஒவ்வொரு தாயிடமும், உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் யார், அதற்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். பதில் வராத வேலிகளும் இருந்தன. அது முடிந்து இரண்டு வருடத்தில் சண்டை வந்து வாகரைச் சனம் முழுவதும் எழும்பி ஓடியது. திரும்பி வந்து குடியேறியபிறகு இன்னொரு பதிவேடு. வாகரையின் சனத்தொகை குறைவு என்று இலகுவாகச் சொல்லும்போது இதையும் ஒரு மூலையில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அம்பாறையில் நான் வேலை செய்ததில்லை, சொந்தக்காரர் இருப்பதால் போய்வந்த பழக்கம்தான். 1961இல்தான் அது மட்டக்களப்பிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னமே, 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்துப் பட்டிப்பளையாற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டினார்கள். அப்போதும் பள்ளத்தாக்கு ஆளில்லாத காடு என்றுதான் பேச்சு. அங்கே இருந்த வேடர் குடும்பங்கள் தண்ணீருக்கு இடம்விட்டு எழும்ப வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சில கொலனிகள். அவற்றில் பலவற்றுக்கு இன்றைக்கும் இலக்கம்தான் பெயர். மண்டூருக்கு அப்பால் "எந்த ஊர் புள்ள?" என்று கேட்டால் "முப்பத்தைந்து" என்று பதில் வரும்.

அக்கரைப்பற்றுக்கு உள்ளே அளிக்கம்பையில் தெலுங்கு பேசிய வனக்குறவர் குடும்பங்கள் இருக்கின்றன; பாம்பாட்டியும் குறி சொல்லியும் ஊரூராகத் திரிந்தவர்கள் அங்கே நிலைத்திருக்கிறார்கள். இன்னும் தெற்கே பாணமையில் தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டான் கொடுத்தான், இரண்டு மொழியும் எல்லாருக்கும் வரும், கண்ணகை அம்மனுக்கு இரு பகுதியாரும் கொம்பு இழுக்கும் சடங்கைச் செய்கிறார்கள். பாணமை அடங்கிய லகுகலைப் பிரிவு மிகப் பெரிய பரப்பு, 2012இல் அங்கே 10,000 பேர்கூட இல்லை. அதற்கும் அப்பால் உகந்தை, குமணை. அதற்குப் பிறகு காடு. அந்தக் காட்டுக்குள்ளும் வருடத்துக்கு ஒருமுறை, கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, பாதயாத்திரைச் சனம் ஆயிரக்கணக்கில் நடந்து போகிறது. உகந்தையில் வழி திறந்ததும் குமணையும் கும்புக்கன் ஆறும் தாண்டிப் போகிற அந்தக் கூட்டத்தில் கால் வீங்கிய கிழவிகளும் இருப்பார்கள், கைப்பிள்ளைக்காரிகளும் இருப்பார்கள். அந்தக் கிழமையில் எண்ணினால் குமணைக்கு என்ன அடர்த்தி வரும் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது.

இதை எல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சனம் குறைவு என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்களுக்கு ஆளும் வாகனமும் பஸ்ஸும் ஒதுக்கப்படுகின்றன. ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கு 3,000 பேர் என்பது நாடு முழுவதற்குமான பொது அளவு. அதன்படி பேனையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காத்தான்குடிக்குப் பதின்மூன்று பேர் வரும். ஒருவருக்கு அரைச் சதுர கிலோமீற்றர், நடந்தே முடிக்கலாம். வாகரைக்கு ஏழு பேர் வரும்; ஒருவருக்கு 70 சதுர கிலோமீற்றருக்கு மேல், அதில் பாதி மாரியில் தண்ணீர், மீதியில் யானை. இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே பதிவேடு, மாத முடிவில் ஒரே படிவம். படிவத்தில் பார்த்த வீடுகளின் எண்ணிக்கைக்கு ஒரு நிரல் இருக்கிறது. போன தூரத்துக்கு நிரல் இல்லை. மாதக் கூட்டத்தில் என் எண்ணிக்கை குறைந்து நின்றதற்காக எழுந்து நின்று விளக்கம் சொன்ன நாட்கள் உண்டு. நான் பார்க்காமல் விட்ட ஐந்து வீடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னால், "மற்றவர்கள் முடிக்கிறார்களே?" என்று பதில் வரும். மற்றவர்கள் தார் வீதியில் முடித்தார்கள்.

இது எங்கள் உத்தியோகத்தோடு நிற்கிற சங்கதியும் அல்ல. பிள்ளை குறைவு என்று பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் குறைவு. ஆசிரியர் இல்லை என்று தாய்மார் பிள்ளையைக் கரையோரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிப்பிக்கிறார்கள். அடுத்த வருடம் பிள்ளை இன்னும் குறைவு. ஆள் ஏறுவதில்லை என்று பஸ்ஸை நிறுத்துகிறார்கள். பஸ் இல்லை என்று பெண்கள் கடைசி மாதத்தில் பட்டினத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் மட்டக்களப்புப் பட்டினத்துக்கு வருகிறது, நானும் குடிக்கிறேன். வைகாசிக்குப் பிறகு படுவான்கரைக் கிராமங்களில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டியைக் கண்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். குழாய் போடக் கேட்டால், ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை வீடு என்று கேட்கிறார்கள்.

கரையோரத்தாருக்குக் கொடுப்பதைப் பிடுங்கி உள்ளே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. காத்தான்குடியிலும் கல்முனையிலும் நெரிசலால் வருகிற வருத்தமும் குப்பையும் தனிப் பிரச்சினை, அதை அங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். 3,000 என்ற அளவைப் போடும்போது, இத்தனை சதுர கிலோமீற்றருக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று இன்னொரு அளவையும் பக்கத்தில் போடுங்கள் என்கிறேன். படிவத்தில் தூரத்துக்கு ஒரு நிரல் போடுங்கள். பாதை ஓடுகிற துறைகளில் இரவில் ஒரு படகும் ஒரு ஆளும் நிறுத்துங்கள். வாகரை, கிரான், வெல்லாவெளி, லகுகலை மாதிரி இடங்களுக்குப் போக விரும்பும் இளம் உத்தியோகத்தர்களுக்குத் தங்க ஒரு ஒழுங்கான வீடு கொடுங்கள். மலசலகூடத்துக்குக் கதவுள்ள வீடு என்று சேர்த்து எழுதுகிறேன், அனுபவத்தில்.

கட்டுரையாளரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி வரும் என்று அடியில் போட்டிருந்தது. அந்த வரைபடத்தைத் திரும்பப் போடுவதாக இருந்தால் வாவிக்கு மேற்கேயும் அதற்கு வடக்கேயும் தெற்கேயும் இந்தப் பெயர்களையாவது சேர்த்துவிடுங்கள்: குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம், கட்டுமுறிவு, புலிபாய்ந்தகல், மாதவனை, உன்னிச்சை, திக்கோடை, தும்பங்கேணி, அளிக்கம்பை, பாணமை. இடம் போதாவிட்டால் ஆறுகளின் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் என் தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, காலையில் எடுங்கள். மாலையில் பேரப்பிள்ளைகள் தொலைபேசியைத் தர மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.